1992-ல் ராஸ் பெரோ அதிபரானால்: கணக்கு எங்கே இடிக்கிறது?

வைகறை கேட்டது:

மாற்று வரலாற்றுக் குறுநாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். 1992 அமெரிக்க அதிபர் தேர்தலில் ராஸ் பெரோ ஜெயிப்பதுதான் கரு. டெக்சாஸ் தொழிலதிபர். 1962-ல் ஆயிரம் டாலர் முதலில் ஈ.டி.எஸ். என்ற கணினிச் சேவைக் கம்பெனியைத் தொடங்கினார், 1984-ல் அதை ஜெனரல் மோட்டார்ஸுக்கு 250 கோடி டாலருக்கு விற்றார். அதுவரை எந்தப் பதவிக்கும் நின்றதில்லை. நிஜத்தில் 18.9 சதவீத வாக்கு வாங்கினார், ஆனால் ஒரு எலெக்டர் (மாநிலவாரியாகத் தேர்வாகி அதிபரைத் தேர்ந்தெடுப்பவர்) ஓட்டுகூடக் கிடைக்கவில்லை.

கதையில் என் வரைவு இப்படி இருக்கிறது. நிஜத்தில் ஜூலை 16 அன்று போட்டியிலிருந்து விலகிய பெரோ, கதையில் விலகவில்லை. நவம்பரில் கிளிண்டன் (ஜனநாயகக் கட்சி), புஷ் (குடியரசுக் கட்சி), பெரோ மூவரில் யாருக்கும் பெரும்பான்மைக்கு வேண்டிய 270 எலெக்டர் ஓட்டு வரவில்லை. முடிவு பிரதிநிதிகள் அவைக்குப் போகிறது. இரண்டு கட்சிகளும் முட்டிக்கொண்டு, கடைசியில் சமரசமாகப் பெரோவைத் தேர்ந்தெடுக்கின்றன. துணை அதிபராகப் பெரோவோடு நின்ற ஸ்டாக்டேல் வருகிறார். முதல் வருடத்திலேயே அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்கும் இடையிலான நாஃப்டா வணிக ஒப்பந்தம் செத்துப்போகிறது, பட்ஜெட் பற்றாக்குறைக்குப் பெரிய திட்டம் வருகிறது.

விறுவிறுப்புக்காகச் சட்டத்தை வளைக்க எனக்கு இஷ்டமில்லை. இதில் எது நிற்கும், எது நிற்காது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொள்ளிடக்கரை:

மூன்றாவது கட்டம்தான் நிற்காது. பிரதிநிதிகள் அவை வழியாகப் பெரோ அதிபராவது, நேரடியாக 270 வாங்குவதைவிடக் கடினம். ஏன் என்று சொல்கிறேன்.

அரசியல் சட்டத்தின் 12-வது திருத்தப்படி, யாருக்கும் பெரும்பான்மை இல்லையென்றால் எலெக்டர் ஓட்டில் முதல் மூன்று இடம் பிடித்தவர்களிலிருந்து பிரதிநிதிகள் அவை ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். உறுப்பினர்கள் தனித்தனியாக ஓட்டுப் போட முடியாது, மாநிலத்துக்கு ஒரே ஓட்டு. 52 உறுப்பினர்கள் உள்ள கலிபோர்னியாவுக்கும் ஒன்று, ஒரே உறுப்பினர் உள்ள வயோமிங்குக்கும் ஒன்று. வாஷிங்டன் டி.சி.க்கு ஓட்டே கிடையாது. ஜெயிக்க 26 மாநிலம் வேண்டும். ஒரு மாநில அணி சரிபாதியாகப் பிரிந்தால், பழைய முன்மாதிரிப்படி அந்த மாநிலத்தின் ஓட்டு யாருக்கும் சேராது.

ஓட்டுப் போடுவது நவம்பரில் புதிதாக ஜெயித்த அவை, அதாவது 1993 ஜனவரி 5 அன்று கூடிய 103-வது காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்). அதில் ஜனநாயகக் கட்சிக்கு 258, குடியரசுக் கட்சிக்கு 176, சுயேச்சை ஒருவர். அந்த ஒருவர் வெர்மான்ட்டின் பெர்னி சாண்டர்ஸ். வெர்மான்ட்டுக்கு ஒரே இடம் என்பதால் அந்த மாநிலத்தின் முழு ஓட்டும் அவர் கையில். உங்கள் கதைக்கு இது நல்ல தீனி. மற்றபடி பெரும்பாலான மாநில அணிகள் ஜனநாயகக் கட்சி வசம் இருந்தன. கிளிண்டனை அங்கேயே ஜெயிக்கவைக்க முடியும்போது அவர்கள் எதற்குப் பெரோவோடு சமரசம் பேசப் போகிறார்கள்?

துணை அதிபர் விஷயம் இன்னும் சிக்கல். அவரைத் தேர்ந்தெடுப்பது செனட், அதுவும் முதல் இரண்டு பேரிலிருந்து மட்டும். எலெக்டர் ஓட்டில் பெரோ அணி மூன்றாமிடம் என்றால் ஸ்டாக்டேல் பெயர் செனட்டுக்கே போகாது, கிளிண்டனோடு நின்ற அல் கோரா, புஷ்ஷோடு நின்ற டான் க்வேலா என்பதுதான் கேள்வி. 57 ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் இருந்தார்கள், தேவை 51. ஆக அல் கோர் துணை அதிபர். 20-வது திருத்தப்படி ஜனவரி 20 நண்பகலுக்குள் அவை அதிபரைத் தேர்ந்தெடுக்காவிட்டால், துணை அதிபராகத் தேர்வானவர் அதிபர் பொறுப்பை ஏற்பார். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் சும்மா இருந்தாலே போதும், கோர் உட்கார்ந்துவிடுவார்.

சட்டத்தில் ஒரே ஒரு சந்து உண்டு. இந்த ஓட்டெடுப்புக்கு மூன்றில் இரண்டு பங்கு செனட்டர்கள் வந்திருக்க வேண்டும், அதாவது 67 பேர். 57 போதாது. 43 குடியரசுக் கட்சியினரில் 34 பேர் வராமல் இருந்தால் ஓட்டெடுப்பே நடக்காது. ஆனால் வராதவர்களைப் பிடித்துவர ஆணையிடும் அதிகாரம் செனட்டுக்கு இருக்கிறது. 1988 பிப்ரவரியில் பாப் பேக்வுட் என்ற செனட்டரை அப்படித்தான் காவலர்கள் தூக்கிக்கொண்டு அவைக்குள் கொண்டுவந்தார்கள். அதிபரும் இல்லை, துணை அதிபரும் இல்லை என்ற நிலை வந்தால், 1947 வாரிசுச் சட்டப்படி பிரதிநிதிகள் அவைத் தலைவர் டாம் ஃபோலி பொறுப்பேற்பார். அதற்கு அவர் தலைவர் பதவியையும் உறுப்பினர் பதவியையும் விட வேண்டும்.

எப்படிப் பார்த்தாலும் பெரோ பெயர் வரவில்லை.

எண்கணக்கன்:

கொள்ளிடக்கரை சொன்னதற்கு எண்களைச் சேர்க்கிறேன்.

நிஜத்தில் பெரோ 25 சதவீதம் தாண்டிய மாநிலங்கள் எட்டு: மெய்ன், அலாஸ்கா, யூட்டா, ஐடஹோ, கான்சஸ், நெவாடா, மொன்டானா, வயோமிங். மெய்னிலும் யூட்டாவிலும் இரண்டாமிடம். மெய்னில் கிளிண்டன் 38.8, பெரோ 30.4. யூட்டாவில் கிளிண்டன் மூன்றாமிடத்துக்குப் போனார். இந்த எட்டையும் பெரோ ஜெயித்ததாக வைத்துக்கொண்டாலும் மொத்தம் 32 எலெக்டர்தான். டெக்சாஸ் ஒன்றுக்கே 32. அவருடைய பலம் ஆள் குறைந்த மாநிலங்களில் இருந்தது, அதுதான் பிரச்சினை.

தெற்கு இன்னும் மோசம். மிசிசிப்பியில் 9 சதவீதம்கூட இல்லை. அர்க்கன்சா, டென்னசி, அலபாமா எல்லாம் 10, 11 என்ற அளவு. கறுப்பின வாக்காளர்களிடம் அவருக்குச் செல்வாக்கே இல்லை. வாஷிங்டன் டி.சி.யில் சுமார் 4 சதவீதம். ஆகவே டெக்சாஸையும் ஃபுளோரிடாவையும் விட்டால் தெற்கை மறந்துவிடுங்கள்.

அவர் உண்மையில் நன்றாக வாங்கிய இடங்களை மட்டும் வைத்து 270-ஐத் தாண்டும் வரைபடம் ஒன்று போட முடியும். கலிபோர்னியா 54, டெக்சாஸ் 32, ஃபுளோரிடா 25, ஒஹையோ 21, மிச்சிகன் 18. இதுவரை 150. வாஷிங்டன் மாநிலம் 11, விஸ்கான்சின் 11, மினசோட்டா 10, கொலராடோ 8, அரிசோனா 8, ஓரிகன் 7. இப்போது 205. அந்த எட்டு மாநிலங்களின் 32 சேர்ந்தால் 237. கடைசியாக மாசசூசெட்ஸ் 12, மிசௌரி 11, கனெக்டிகட் 8, நியூ ஹாம்ப்ஷயர் 4. மொத்தம் 272. நியூயார்க், பென்சில்வேனியா, இல்லினாய் மூன்றும் இல்லாமலேயே வந்துவிடுகிறது.

இந்த வரைபடத்தில் எத்தனை மாநிலம் என்று எண்ணிப் பாருங்கள். 23. அவையில் தேவை 26. அதிபராகப் போதுமான எலெக்டர்களைத் தருகிற அதே மாநிலங்கள், அவற்றின் உறுப்பினர்கள் கட்சியை மறந்து சொந்த மாநில மக்களின் தீர்ப்புப்படியே போட்டாலும், அவையில் அவரை ஜெயிக்கவைக்காது. நேரடி வெற்றி மட்டும்தான் வழி என்பதற்கு இதற்குமேல் ஆதாரம் தேவையில்லை.

தேசிய அளவில் அவருக்கு எவ்வளவு வேண்டும்? மும்முனைப் போட்டியில் 36 முதல் 38 சதவீதம் இருந்தால் இந்த வரைபடம் கிடைக்கும் என்பது என் மதிப்பீடு. 1992-ல் கிளிண்டனே பாதிக்குமேல் வாங்கிய ஒரே மாநிலம் அவருடைய சொந்த அர்க்கன்சாதான். மற்ற எல்லா மாநிலமும் 50-க்குக் கீழேயே தீர்ந்தது. பெரோ இரண்டு பேரிடமிருந்தும் ஏறக்குறைய சமமாக எடுக்க வேண்டும். அது நம்பக்கூடியதுதான், ஏனென்றால் வாக்களித்து வெளியே வந்தவர்களிடம் எடுத்த கணிப்பில், பெரோ இல்லாவிட்டால் யாருக்குப் போட்டிருப்பீர்கள் என்ற கேள்விக்கு அவருடைய ஆதரவாளர்களில் 38 சதவீதம் புஷ் என்றும் 38 சதவீதம் கிளிண்டன் என்றும் சொன்னார்கள்.

வைகறை:

23-க்கும் 26-க்கும் உள்ள இடைவெளி என் கதையையே திருப்பிப்போட்டுவிட்டது. அப்படியானால் நேரடியாக 272. ஆனால் 19 சதவீதம் 37 ஆக வேண்டும். ஜூலையில் விலகாமல் இருந்தால் மட்டும் அது நடக்குமா?

செம்பருத்தி:

போதாது. ஜூன் மாதம் காலப் (Gallup) நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் பெரோ 39, புஷ் 31, கிளிண்டன் 25. எல்லாரும் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு, விலகாமல் இருந்திருந்தால் ஜெயித்திருப்பார் என்கிறார்கள். விலகிய அன்றைக்கு அந்த 39 அவரிடம் இல்லை, சில வாரங்களாகவே சரிந்துகொண்டிருந்தது. வரலாறு பிரியும் புள்ளியை ஜூன் தொடக்கத்தில் வையுங்கள்.

ஜூன் தொடக்கத்தில் பெரோ இரண்டு தொழில்முறை ஆலோசகர்களை அமர்த்தினார். ஒருவர் முன்னாள் அதிபர் கார்ட்டரின் ஆள் ஹாமில்டன் ஜோர்டன், இன்னொருவர் ரீகனின் 1984 பிரச்சாரத்தை நடத்திய எட் ரோலின்ஸ். இவர்கள் கேட்டது தொலைக்காட்சி விளம்பரம், கொள்கை அறிக்கை, ஒழுங்கான பயணத் திட்டம். பெரோ எதற்கும் இறங்கிவரவில்லை. ஆறு வாரம் அவரைப் பற்றி அவரே எதையும் சொல்லாததால், எதிராளிகளும் பத்திரிகைகளும் சொன்னதுதான் மக்களிடம் போய்ச் சேர்ந்தது. ஜூலை 11 அன்று நாஷ்வில்லில் கறுப்பின மக்கள் உரிமை அமைப்பின் மாநாட்டில் அவர் பேசிய தொனி பெரும் சர்ச்சையானது. 15-ம் தேதி ரோலின்ஸ் போனார். 16-ம் தேதி பெரோ விலகினார், கிளிண்டன் வேட்பாளராக ஏற்புரை ஆற்றிய அதே நாள்.

நிஜத்தில் அவருக்குக் கைகொடுத்தது அக்டோபரில் செய்தவைதான். அக்டோபர் 1-ல் திரும்பி வந்தபோது ஆதரவு ஒற்றை இலக்கத்தில் இருந்தது. அக்டோபர் 6-ல் முதல் அரைமணி நேர விளம்பர நிகழ்ச்சி: மேசை, வரைபட அட்டைகள், கையில் ஒரு குச்சி, கடன் கணக்கு. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். 11, 15, 19 தேதிகளில் மூன்று விவாதங்கள். ஒரே மாதத்தில் 19-க்கு ஏறினார். அந்த அட்டைகளை ஜூன் மூன்றாவது வாரத்திலேயே வெளியே எடுக்கவையுங்கள். அந்த மாதம் வேலையின்மை 7.8 சதவீதம், அந்த மந்தநிலையின் உச்சம். கேட்கிற காது நாடு முழுக்க இருந்தது.

பணம் தடையில்லை. அரசு நிதி வாங்காத வேட்பாளர் சொந்தப் பணத்தைச் செலவிட வரம்பே கிடையாது, 1976-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த விஷயம் அது. புஷ்ஷுக்கும் கிளிண்டனுக்கும் பொதுத்தேர்தலுக்கு அரசு தந்தது ஆளுக்கு சுமார் 5.5 கோடி டாலர், அதற்குமேல் அவர்களுடைய பிரச்சாரக் குழு செலவழிக்க முடியாது. பெரோ மொத்தமாகச் செலவிட்டது 6.5 கோடி டாலர் அளவு. கதையில் அதை 15 கோடியாக்கினாலும் சட்டம் தடுக்காது.

வாக்குச்சீட்டில் பெயர் ஏற்றுவதை ஒரு பக்கத்தில் தாண்டிவிடாதீர்கள், அதில்தான் தொண்டர்களின் கதையே இருக்கிறது. பிப்ரவரி 20 அன்று லாரி கிங்கின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 'ஐம்பது மாநிலத்திலும் நீங்களே என் பெயரை ஏற்றினால் நிற்கிறேன்' என்ற பொருளில் பெரோ சொன்னதும் ஆரம்பித்த வேலை அது. அன்று டென்னசியில் எலெக்டர் ஒருவருக்கு 25 என 275 கையெழுத்துப் போதும். டெக்சாஸில் 54 ஆயிரம் வேண்டும், அதுவும் மார்ச்சில் கட்சிகளின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில் ஓட்டுப் போட்டவர் கையெழுத்து செல்லாது, மே மாதத்துக்குள் முடிக்க வேண்டும். கலிபோர்னியாவில் பதிவான வாக்காளர்களில் 1 சதவீதம், ஏறக்குறைய 1.35 லட்சம். நிராகரிப்பை நினைத்து எல்லாரும் தேவைக்கு மேலேயே திரட்டுவார்கள். முகவரி மாறியவர், பதிவே இல்லாதவர், இரண்டு முறை போட்டவர் என்று கணிசமாகக் கழியும்.

ஸ்டாக்டேல் வந்ததும் இதனால்தான். பல மாநிலங்களில் துணை அதிபர் பெயர் இல்லாமல் மனுவே கொடுக்க முடியாது. மார்ச் கடைசியில் தற்காலிகமாக அவர் பெயரைப் போட்டார்கள், பிறகு மாற்றவே இல்லை. வியட்நாமில் ஏழரை வருடம் சிறையில் சித்திரவதை அனுபவித்த கடற்படை அதிகாரி, நாட்டின் உயர்ந்த வீரப் பதக்கம் பெற்றவர், தத்துவம் கற்றவர். அக்டோபர் 13 விவாதத்துக்கு அவரைத் தயார்செய்ய யாரும் இல்லை, ஒரு வாரம் முன்புதான் தகவலே போனது. அந்த மேடையில் தடுமாறியதை வைத்து மட்டும் நாடு அவரை நினைவில் வைத்திருப்பது பெரிய அநியாயம். உங்கள் கதையில் அவருக்கு இரண்டு மாதப் பயிற்சி கொடுங்கள். அவர் தகுதியானவர்.

அக்டோபர் 25-ம் தேதி தொலைக்காட்சிப் பேட்டியையும் எடுத்துவிடுங்கள். மகள் திருமணத்தைக் குலைக்கக் குடியரசுக் கட்சியினர் சதி செய்ததால்தான் ஜூலையில் விலகினேன் என்று ஆதாரமில்லாமல் சொன்னார். ஏறிக்கொண்டிருந்த ஆதரவு அதோடு நின்றது. ஜூலை விலகலே இல்லாத கதையில் அந்தப் பேட்டிக்கும் தேவையில்லை.

கொள்ளிடக்கரை:

செம்பருத்தி சொன்னதோடு ஒரு தேதிக் குறிப்பு. எலெக்டர்கள் கூடி ஓட்டுப் போட்டது டிசம்பர் 14, எண்ணியது ஜனவரி 6. 272 என்றால் உபரி இரண்டே பேர். மூன்று எலெக்டர் மனம் மாறினால் பெரும்பான்மை போய்விடும். பெரோவின் எலெக்டர்கள் பழுத்த கட்சிக்காரர்கள் கிடையாது, பெட்டிக் கடையில் கையெழுத்து வாங்கிய தொண்டர்கள். அன்று பெரும்பாலான மாநிலங்களில் சொன்னபடி போடாவிட்டால் தண்டிக்கச் சட்டமே இருக்கவில்லை. அந்த ஆறு வாரத்தில் இரண்டு கட்சிகளும் இவர்கள் வீட்டுக் கதவைத் தட்டும். நாவலின் நடுப்பகுதி அங்கேதான் இருக்கிறது.

நிலாமுற்றம்:

கொஞ்சம் தடம் மாறுகிறேன், மன்னிக்கவும். தொழிலதிபர் அதிபராவதுதான் கரு என்றால் 1940-ன் வெண்டல் வில்க்கியையும் பாருங்கள். காமன்வெல்த் அண்ட் சதர்ன் என்ற மின்சாரக் கம்பெனியின் தலைவர், அதற்கு முன் பதவி எதுவும் வகித்ததில்லை, பிலடெல்பியா மாநாட்டில் ஆறாவது சுற்றில் குடியரசுக் கட்சி வேட்பாளரானவர். ரூஸ்வெல்ட்டிடம் 449-க்கு 82 என்று தோற்றார். அவர் ஜெயித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா? துணை அதிபர் வேட்பாளர் சார்லஸ் மெக்நாரி 1944 பிப்ரவரியில் இறந்தார், வில்க்கி அக்டோபரில். பதவிக்காலம் முடியும் முன்பே இருவரும் போயிருப்பார்கள். அப்போது அமலில் இருந்த 1886 வாரிசுச் சட்டப்படி வெளியுறவுத் துறைச் செயலர் அதிபர். உலகப் போரின் நடுவில், தேர்தலுக்கு ஒரு மாதம் முன்னால்! வில்க்கிக்குக் காங்கிரசில் ஒரு கட்சியாவது இருந்திருக்கும். பெரோவுக்கு அதுவும் இல்லை.

தெற்குவாசல்:

நிலாமுற்றத்தின் கடைசி வரியிலிருந்து பிடிக்கிறேன், வைகறையின் முதல் வருடம் அங்கேதான் தீர்மானமாகும். காங்கிரசின் 535 உறுப்பினர்களில் பெரோவின் ஆள் ஒருவர்கூட இல்லை. கம்பெனியில் முதலாளி சொன்னால் நடக்கும். இங்கே மசோதாவை அறிமுகம் செய்யவே வேறு கட்சிக்காரர் ஒருவரைத் தேட வேண்டும்.

ஆகவே அவரால் எதையும் தடுக்க முடியும், எதையும் சுலபமாக நிறைவேற்ற முடியாது. அவருடைய வீட்டோவை (மசோதாவை மறுக்கும் அதிபரின் அதிகாரம்) தாண்ட இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். பிரதிநிதிகள் அவையில் 146 பேரோ செனட்டில் 34 பேரோ அவர் பக்கம் நின்றால் வீட்டோ நிற்கும். இந்த 34 பேரை ஒவ்வொரு மசோதாவுக்கும் புதிதாகச் சேர்ப்பதுதான் அவருடைய அன்றாட வேலையாக இருக்கும்.

நாஃப்டா விஷயத்தில் உங்கள் வரைவு சரி, ஆனால் கிழிக்கவெல்லாம் வேண்டாம். 1992 டிசம்பர் 17 அன்று புஷ் கையெழுத்திட்டுவிட்டார். ஆனால் அமலாக்க மசோதாவை அதிபர் காங்கிரசுக்கு அனுப்பினால்தான் துரித நடைமுறையில் ஓட்டுக்கு வரும். பெரோ அனுப்பாமல் மேசையிலேயே வைத்துக்கொண்டால் போதும். நிஜத்தில் கிளிண்டன் முழு மூச்சாக உழைத்தும் 1993 நவம்பரில் பிரதிநிதிகள் அவையில் 234-க்கு 200 என்றுதான் தேறியது. கனடாவோடு 1989-லிருந்து தனி ஒப்பந்தம் இருந்தது, அது தொடரும். அடி முழுக்க மெக்சிகோவுக்கு. 1994 டிசம்பரில் மெக்சிகோ நாணயம் பெசோ சரிந்தபோது கிளிண்டன் கருவூல நிதியிலிருந்து 2,000 கோடி டாலர் வரை உதவி ஏற்பாடு செய்தார், காங்கிரஸ் மறுத்த பிறகு. பெரோ அதைச் செய்வாரா? செய்யமாட்டார் என்றே நினைக்கிறேன். ஒப்பந்தம் இல்லாததால் முதலீடு முன்னதாகவே வெளியேறி, சரிவு 1993-லேயே வரலாம்.

பற்றாக்குறைதான் அவருடைய உயிர்நாடி. 1992 நிதியாண்டில் 29,000 கோடி டாலர். அவர் திட்டத்தில் பெட்ரோல் வரி ஆண்டுக்கு காலனுக்கு 10 சென்ட் வீதம் ஐந்து வருடத்தில் 50 சென்ட், உச்ச வருமான வரி 31-லிருந்து 33 சதவீதம், கூடவே செலவு வெட்டு. இப்போது நிஜத்தைப் பாருங்கள்: 1993 ஆகஸ்டில் கிளிண்டன் கொண்டுவந்தது வெறும் 4.3 சென்ட். சொந்தக் கட்சிக்கு இரண்டு அவையிலும் பெரும்பான்மை இருந்தும் 218-க்கு 216, செனட்டில் 50-க்கு 50, கோரின் ஓட்டால் பிழைத்தது. 50 சென்ட் முழுசாக நிறைவேறுகிற அத்தியாயத்தை எழுதாதீர்கள், யாரும் நம்பமாட்டார்கள். 10 சென்ட்டை ஒரே தவணையாக, செலவு உச்சவரம்போடு சேர்த்து, இரண்டு கட்சியின் நடுப்பகுதியிலிருந்தும் ஓட்டுத் திரட்டுவது நடக்கக்கூடியது. சாம் நன் போன்ற பற்றாக்குறைக் கவலை கொண்ட செனட்டர்களை அருகில் வையுங்கள். நீண்ட தூரம் வண்டி ஓட்டுகிற மேற்கு மாநிலங்கள்தான் இந்த வரியை அதிகம் எதிர்க்கும், அவருக்கு அதிகம் ஓட்டுப் போட்டதும் அதே மாநிலங்கள். இதைவிட நல்ல முரண் உங்களுக்குத் தேவையில்லை.

பட்ஜெட் மசோதாவில் குறிப்பிட்ட செலவை மட்டும் வெட்டும் அதிகாரத்தையும் அவர் கேட்டார். சட்டமாகக் கொடுத்தாலும் நீதிமன்றத்தில் நிற்காது. 1996-ல் கிளிண்டனுக்குக் கொடுத்ததை 1998-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

வியட்நாமை விட்டுவிடாதீர்கள். போரில் காணாமல் போன வீரர்கள் பிரச்சினையைப் பெரோ வருடக்கணக்கில் தூக்கிச் சுமந்தவர். 1994 பிப்ரவரியில் கிளிண்டன் நீக்கிய வணிகத் தடையைப் பெரோ அவ்வளவு சீக்கிரம் நீக்குவாரா என்பது சந்தேகம். ஸ்டாக்டேலும் பக்கத்தில் இருப்பார்.

1994-ல் அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் வரும் காங்கிரஸ் தேர்தலுக்குப் பெரோ தன் ஆட்களை நிறுத்த நினைத்தால் கையெழுத்து வேட்டை மறுபடி ஆரம்பமாகும். இந்த முறை 435 தொகுதிகளில் தனித்தனியாக. ஜார்ஜியாவில் சுயேச்சையாக ஒரு தொகுதியில் நிற்கவே பதிவான வாக்காளர்களில் 5 சதவீதம் பேர் கையெழுத்து வேண்டும். எல்லா இடத்திலும் நிறுத்தாமல், அவர் 40 சதவீதம் தாண்டிய தொகுதிகளில் மட்டும் ஆளை இறக்கி, மற்ற இடங்களில் பட்ஜெட்டுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டவர்களைக் கட்சி பார்க்காமல் ஆதரிக்கட்டும்.